அப்பாவின் நோட்டில் ஒரு பகா எண்

2147483647. இந்த எண்ணை நான் முதலில் பார்த்தது ஒரு போன் நம்பராக.

வேலை பழகிய புதிதில் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடைக்கு பில் போடும் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள், போன் நம்பரை யாரும் திறந்து பார்க்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் எல்லாருக்கும் புதுச்சரக்கு வந்த மெசேஜ் அனுப்பலாம் என்று உட்கார்ந்த அன்றைக்குக் கடைக்காரர் கூப்பிட்டார். "தம்பி, எந்த பார்ட்டியைத் தொட்டாலும் ஒரே நம்பர் காட்டுதுங்க. அதுக்குப் போட்டா ரிங்கே போகல." போய்த் திறந்து பார்த்தேன். கரூர் பார்ட்டி, நாமக்கல் பார்ட்டி, மதுரை பார்ட்டி, எல்லாருக்கும் 2147483647. டில்லியில் இருந்த இரண்டு பேருக்கு மட்டும் நம்பர் சரியாக இருந்தது.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. போன் நம்பரை முழு எண்ணாகச் சேமிக்கும்படி டேபிளை அமைத்திருந்தேன். முழு எண்ணுக்குக் கிடைப்பது 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுத 32 கட்டங்கள். அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்று சொல்லப் போய்விடும். மீதி 31 பிட்டில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 2³¹ − 1, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. நம் ஊர் செல் நம்பர் 9-இல் தொடங்கினால் அது 900 கோடிக்கு மேல். அன்று நான் பயன்படுத்திய டேட்டாபேஸ், கொள்ளாத எண் வந்தால் மறுக்காமல் தன்னால் முடிந்த உச்ச எண்ணை எழுதி வைத்துக்கொண்டது. டில்லி லேண்ட்லைன் 11-இல் தொடங்குவதால் 110 கோடிச் சொச்சம், அது உள்ளே அடங்கிவிட்டது. டேபிளைத் திருத்த அரை மணி நேரம். தொலைந்துபோன நம்பர்களைப் பழைய பில் புத்தகங்களிலிருந்து பார்த்துப் பார்த்து ஏற்ற மூன்று நாள். கடைப் பையன் ஒருவன் நம்பரை வாசிக்க, நான் தட்டினேன். தவறு முழுக்க என்னுடையது. அந்த எண் மனதில் பதிந்ததும் அப்படித்தான்.

அது ஒரு பகா எண் என்று எனக்குத் தெரியவந்தது வெகு நாள் கழித்து. தன்னையும் 1-ஐயும் தவிர எதனாலும் வகுபடாத எண். கணினிக்காரர்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட ஓர் எல்லை எப்படிப் பகா எண்ணாக அமைந்தது? கொஞ்சம் அதிர்ஷ்டம், கொஞ்சம் காரணம். 8 பிட் எண்ணின் எல்லை 127, அது பகா எண். 16 பிட் எல்லை 32767, அது 7 × 31 × 151. 32 பிட் எல்லை பகா எண். 64 பிட் எல்லை 7-ஆல் வகுபடும். 128 பிட்டுக்குப் போனால் 2¹²⁷ − 1, மறுபடியும் பகா எண்.

காரணத்தை ஒன்பதுகளை வைத்துப் பார்க்கலாம். 999999 என்று எழுதினால் அதற்குள் 999 இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அது 999 × 1001. ஆறு ஒன்பதை மும்மூன்றாகப் பிரிக்க முடிந்ததால் வந்த வகுத்தல் இது. கணினி இரண்டின் அடுக்கில் எண்ணுவதால் அங்கே ஒன்பதின் இடத்தில் 1 இருக்கிறது. 63 என்பது அதன் பாஷையில் 111111. அதுவும் 111 × 1001, அதாவது 7 × 9. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம கூட்டமாகப் பிரிக்க முடிந்தால் அந்த எண் தானாகவே உடைந்துவிடும். 15-ஐ மும்மூன்றாகவும் ஐந்தைந்தாகவும் பிரிக்கலாம், அதனால்தான் 32767-க்குள் 7-உம் 31-உம் இருக்கின்றன. 63-ஐயும் அப்படியே பிரிக்கலாம். 31 ஒன்றுகளை எந்தச் சம கூட்டமாகவும் நிறுத்த முடியாது, ஏனென்றால் 31 பகா எண்.

இதைப் பார்த்தவுடன், பகா எண்ணிக்கையில் ஒன்றுகளை அடுக்கினால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பழைய காலத்தில் அப்படி எழுதியவர்களும் உண்டு. 2, 3, 5, 7 வரைக்கும் சரியாக வரும்: 3, 7, 31, 127. பதினொன்றில் சறுக்கும். 2¹¹ − 1 = 2047, அது 23 × 89. இந்த 2047 பின்னால் மறுபடி வரும்.

இத்தாலியில் பொலோன்யா நகரில் இருந்த கட்டால்டி என்ற கணித ஆசிரியர் 1588-இல் 131071, 524287 இரண்டும் பகா எண்கள் என்று வகுத்து வகுத்தே காட்டினார். அவை 2¹⁷ − 1, 2¹⁹ − 1. அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளையும் பட்டியலில் சேர்த்தார். 1640-இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் அதில் இரண்டைக் கவிழ்த்தார். 2²³ − 1 என்பது 47-ஆல் வகுபடும், 2³⁷ − 1 என்பது 223-ஆல் வகுபடும். நான்கு வருஷம் கழித்து மெர்சென் என்ற பாதிரியார் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67-உம் 257-உம் தவறாகச் சேர்ந்திருந்தன. 61, 89, 107 விட்டுப்போயிருந்தன. இருந்தாலும் இந்த வகைப் பகா எண்களுக்கு அவர் பெயர்தான் நிலைத்தது. இருவர் பட்டியலிலும் 31 இருந்தது. ஆனால் அது சரிதான் என்று இருவருமே காட்டவில்லை. அதைக் காட்டியவர் ஆய்லர் என்ற கணித மேதை. 1772-இல் பெர்னூலிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சொன்னார்.

அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். ஒரு கண் பல வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. மற்றதில் புரை விழுந்து, 1771-இல் அறுவை செய்து, அதுவும் கெட்டுப்போய், பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது.

இதை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது அவருக்குக் கண்புரை எடுத்து வீட்டில் இருந்த நாட்களில். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, டிவி பக்கம் போகாமல், பகல் முழுதும் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஆய்லருக்கு அறுவைக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "சரி சாமி. அந்த மனுசன் போட்ட கணக்கு என்ன? அதைச் சொல்லு."

சொன்னேன். ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை என்றால் அது பகா எண். இந்த எண்ணின் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் சுமார் 4,800. "நாலாயிரத்து எண்ணூறு தரம் வகுக்கணுமா? கண் நல்லா இருக்கறவனுக்கே ஆகாதே" என்றார். அங்கேதான் ஆய்லரின் சாமர்த்தியம். வகுக்கக்கூடிய எண் எப்படி இருக்க முடியும் என்று முதலில் யோசிக்கிறார். இருக்கவே முடியாதவற்றை வகுக்காமலேயே தள்ளிவிடுகிறார்.

அப்பாவுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களை வகுத்து மீதிகளைப் பார்த்தால், 31-ஆவது தடவையில் மீதி மறுபடி 1 ஆகும். 2³¹ − 1 வகுபடுகிறது என்பதற்கு அதுதான் அர்த்தம். ஆக இது 31 படி கொண்ட வட்டம். 31 பகா எண் என்பதால் இடையில் சின்ன வட்டமாக முடிய வழியில்லை. ஃபெர்மாவின் சிறிய தேற்றம் இன்னொன்று சொல்கிறது: எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும், அதில் ஒன்று குறைத்தால் வரும் அளவு தடவை இரட்டித்தால் மீதி கட்டாயம் 1-க்குத் திரும்பியிருக்கும். அப்படியானால் அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது 31-இன் மடங்காக இருந்தே ஆகவேண்டும். அது இரட்டைப்படை எண்ணும் கூட. ஆகவே 62-இன் மடங்கோடு 1 கூட்டினால் வருகிற எண்கள் மட்டுமே மிச்சம். 2047-இல் இதைச் சரிபார்க்கலாம். அங்கே வட்டம் 11 படி, ஆகவே 22-இன் மடங்கோடு 1. 23 = 22 + 1. 89 = 88 + 1. முதன்முதலில் இதைப் பார்த்தபோது அந்த இரண்டு எண்களும் ஏன் அங்கே இருந்தன என்பது புரிந்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இரண்டாவது வடிகட்டி இன்னும் அழகு. 2³¹-க்கு மீதி 1 என்றால் 2³²-க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது ஒரு வர்க்க எண்ணை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 2 வருகிறது. ஒற்றைப்படைப் பகா எண்களில் 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருபவற்றில்தான் இது நடக்கும். இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால் 248-இன் மடங்கோடு 1, அல்லது 248-இன் மடங்கோடு 63. இவ்வளவுதான் மிச்சம். 46,340-க்குள் இப்படிப்பட்டவை 372 இருக்கின்றன, 63-ஐ எடுத்த எடுப்பிலேயே விட்டுவிட்டால். அதில் சுமார் கால்வாசிதான் பகா எண்கள்.

நாலாயிரத்து எண்ணூறு, எண்பத்துச் சொச்சமாகக் குறைந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எண்பதுன்னா ஆகும். ஒரு நோட்டு வாங்கிட்டு வா."

இப்படித்தான் தொடங்கியது. மாலை காபிக்குப் பிறகு ஒரு மணி நேரம். முதல் பத்து நாள் அவர் சொல்ல நான் எழுதினேன். கண் தெளிந்த பிறகு அவரே எழுதினார். முதல் எண் 249. "ரெண்டும் நாலும் ஒம்போதும் பதினஞ்சு. மூணால போயிரும்." அடித்தோம். அடுத்தது 311. அது எதிலும் போகவில்லை, பகா எண்.

2147483647-ஐ 311-ஆல் வகுக்க வேண்டும். அப்பா நீள் வகுத்தல் தொடங்கினார். நான் இரட்டிப்பு வழியில் போனேன். 2¹⁰ = 1024, 311-ஆல் வகுத்தால் மீதி 91. இரண்டு பத்து இருபது, 91 × 91 = 8281, மீதி 195. முப்பதுக்கு 195 × 91 = 17745, மீதி 18. இன்னும் ஒரு இரட்டிப்பு, 36. ஒன்றைக் கழித்தால் 35. நான் பென்சிலை வைத்தபோது அவர் இன்னும் பாதி வழியில் இருந்தார். முடித்ததும் "ஈவு 69 லட்சத்து 5 ஆயிரத்து 92, மீதி 35" என்றார். இரண்டு வழியிலும் ஒரே மீதி. அப்பாவுக்கு என் வழி பிடித்தது. ஆனாலும் ஈவு வராததில் அவருக்கு மனசு ஆறவில்லை. "ஈவு இல்லாம கணக்கு முடிஞ்சதா எப்படிச் சொல்லுவே?" என்றார். அதனால் கடைசி வரை இரண்டையும் போட்டோம், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்தோம். இரண்டு தடவை மீதி ஒத்துவரவில்லை. இரண்டு தடவையும் என் பக்கம் பெருக்கல் பிழை.

1303-க்கு மீதி 226. 1489-க்குப் போகும்போது ஒரு வேடிக்கை: 2³⁰-க்கு மீதி சரியாக 100 வந்தது. இரட்டித்தால் 200, ஒன்று போக 199. அடுத்து பட்டியலில் வந்தது 2047. 248 × 8 = 1984, அதோடு 63. எந்த எண் பழைய ஆட்களை ஏமாற்றியதோ அதே எண் இங்கே வரிசையில் நிற்கிறது. அது பகா எண் இல்லை என்பதால் வகுக்கத் தேவையில்லை. ஆனால் அப்பா அதன் பக்கத்தில் "23 × 89" என்று எழுதி ஒரு கட்டம் போட்டார். அந்தக் கட்டம் இன்னும் நோட்டில் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. இடையில் நான் வேறு வேலையாக இருந்த நாட்களில் அவர் தனியாகப் போட்டு வைத்திருப்பார்.

அந்த நாட்களில் இந்த எண்ணைப் பற்றி நான் படித்ததையெல்லாம் அவருக்குச் சொல்வேன். 2³⁰-ஐ இந்தப் பகா எண்ணால் பெருக்கினால் 2305843008139952128 வரும். அது ஒரு நிறைவெண். தன்னைத் தவிர்த்த எல்லா வகு எண்களையும் கூட்டினால் தானே வரும் எண். 6 = 1 + 2 + 3 மாதிரி, 28 = 1 + 2 + 4 + 7 + 14 மாதிரி. இந்த வகைப் பகா எண் ஒன்று கிடைத்தால் ஒரு நிறைவெண் கிடைக்கும் என்று யூக்ளிட் காட்டியிருந்தார். இரட்டைப்படை நிறைவெண் எல்லாமே இந்த வழியில்தான் வரும் என்று காட்டியவரும் ஆய்லர்தான். ஒற்றைப்படையில் ஒரு நிறைவெண் உண்டா என்பது இன்றும் யாருக்கும் தெரியாது. 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர், இந்த 19 இலக்க நிறைவெண்தான் மனிதர் கண்டுபிடிக்கப்போகும் மிகப் பெரியது, ஏனென்றால் இவை வெறும் ஆர்வத்துக்கானவை, பயன் இல்லாதவை, இதற்கு மேல் யாரும் தேட மாட்டார்கள் என்று எழுதினார். இந்த வரியைச் சொன்னபோது அப்பா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த எண்ணை எழுதினார்.

பயன் இல்லை என்று பார்லோ சொன்ன எண்ணின் பயன்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றைச் சொல்ல வேண்டும். கணினியில் குலுக்கல் எண் வேண்டும் என்றால், பல வருஷம் மக்கள் செய்தது இதுதான். ஓர் எண்ணை எடு, 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதிதான் அடுத்த எண். 1-இல் தொடங்கினால் 16807, பிறகு 282475249, பிறகு 1622650073, பிறகு 984943658. பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். 1969-இல் ஐபிஎம் கணினிக்காக மூன்று பேர் இந்த முறையைக் கொடுத்தார்கள். 1988-இல் பார்க், மில்லர் இருவரும், குறைந்தபட்சம் இந்த அளவாவது நன்றாக இருக்கவேண்டும் என்று இதை அளவுகோலாக வைத்தார்கள்.

இது வேலை செய்வது பகா எண்ணின் தயவால். வகு எண் பகா எண்ணாக இருந்தால், அதற்குள் சில எண்கள் உண்டு. அவற்றில் ஒன்றால் திரும்பத் திரும்பப் பெருக்கி மீதி எடுத்துக்கொண்டே போனால் 1 முதல் கடைசி வரை எல்லா மீதியையும், ஒன்றைக்கூட விடாமல், ஒன்றையும் இரண்டு தடவை தொடாமல் சுற்றி வரும். 2147483647-க்கு 7 அப்படிப்பட்ட எண். 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. ஐந்தைந்து படியாகத் தாவினாலும் சுற்று முழுதாக வருமா? மொத்தப் படிகள் 2147483646, அதை உடைத்தால் 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. அதில் 5 இல்லை. ஆகவே ஐந்தைந்தாகத் தாவினாலும் ஓரிடமும் விட்டுப்போகாது. ஒரு ராத்திரி இதை லேப்டாப்பில் எழுதி ஓடவிட்டேன். நிரலைச் சரியாக எழுதியிருந்தால் பத்தாயிரமாவது எண் 1043618065 வரவேண்டும் என்பது வழக்கமான சோதனை. வந்தது. இன்றைக்குப் பாஸ்வேர்டு மாதிரி ரகசியங்களுக்கு இதைத் தொடக்கூடாது, பெரிய சிமுலேஷன் கணக்குகளுக்கும் இந்தச் சுற்று போதாது. ஆனால் 214 கோடி எண்களையும் ஒரே கோட்டில் கோத்து முடிச்சுப் போடும் அந்தச் சுற்று எனக்கு அலுக்கவே இல்லை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. 9-ஆல் வகுத்தால் என்ன மீதி என்று பார்க்க நாம் இலக்கங்களைக் கூட்டுகிறோம் இல்லையா, அதே வித்தை இங்கேயும் செல்லும். பெரிய எண்ணை 31 பிட் துண்டுகளாக வெட்டிக் கூட்டினால் மீதி வந்துவிடும். வகுத்தலே வேண்டாம். எல்லாம் ஒன்றுகளாலான எண் என்பதால் கிடைத்த சலுகை.

எல்லையாகவும் அது தன் வேலையைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கிறது. 2014 டிசம்பரில் ஒரு கொரியப் பாட்டின் பார்வை எண்ணிக்கை இந்த எண்ணைத் தொட, யூட்யூப் தன் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியிருந்தது. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி, அதை 32 பிட்டில் வைத்திருக்கும் பழைய கருவிகளுக்கு, 2038 ஜனவரி 19 அன்று நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு எண்ணிக்கை 2147483647 ஆகும். அடுத்த நொடி அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். அந்தக் காலையில் என் பழைய சாப்ட்வேர் எதுவும் எங்கும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

31 என்பதே 2⁵ − 1. அதாவது மெர்சென் பகா எண் ஒன்றை அடுக்காகப் போட்டு வந்த மெர்சென் பகா எண் இது. அப்படிப்பட்டவை இதுவரை தெரிந்தது நான்குதான்: 7, 127, நம் எண், 2¹²⁷ − 1. அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காகப் போட்டால்? இரண்டை 214 கோடிச் சொச்சம் தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். அதை எழுதி முடிக்க ஆயுசு போதாது. ஆனால் அது பகா எண் இல்லை என்று தெரியும். 295257526626031 அதை மீதியில்லாமல் வகுக்கிறது. வெறும் 15 இலக்கம். இந்த எண்ணில் ஒன்றைக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 137490 வரும், இரட்டைப்படை. 62-இன் மடங்கோடு 1 என்று மேலே பார்த்த அதே விதிதான் இங்கேயும் நிற்கிறது. அப்பா இதைத் தானே பெருக்கிப் பார்த்தார். 137490-ஐ மேலே எழுதி, 2147483647-ஐக் கீழே எழுதி, கடைசியில் 1 கூட்டி, ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆய்லரின் எண் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தெரிந்ததிலேயே பெரிய பகா எண்ணாக இருந்தது. 1876-இல் லூகா என்ற பிரெஞ்சுக்காரர், வகுத்துப் பார்க்காமலே சோதிக்கும் வழி ஒன்றைக் கண்டு, 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். பிற்பாடு லேமர் அதை எளிமையாக்கினார். 4-இல் தொடங்கு, வர்க்கப்படுத்தி 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடு, மறுபடியும் அதையே செய். 31-க்குப் போட்டுக் காட்டுகிறேன்: 4, 14, 194. 194-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு போக 62, மீதி பூஜ்யம். பூஜ்யம் வந்தால் பகா எண். நம் எண்ணுக்கு இதை 29 தடவை செய்தால் முடிந்தது. இந்த வகைப் பகா எண்களைத்தான், 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில், உலகம் முழுதும் பலர் தங்கள் கணினிகளை ஓடவிட்டுத் தேடுகிறார்கள். 2024 அக்டோபரில் லூக் டூரன்ட் என்பவர் கண்டது 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் எனக்கு நெருக்கமான எண் இதுதான். நான்கு கோடி இலக்கமுள்ள எண் பகா எண் என்று நான் நம்புகிறேன். கணினிகள் சொல்கின்றன, சரிபார்த்தவர்கள் சொல்கிறார்கள், சந்தேகப்பட இடமில்லை. 2147483647 பகா எண் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்பாவும் போட்டோம். இதைவிடச் சின்னதில் இவ்வளவு வேலை இல்லை. இதைவிடப் பெரிதாக அடுத்து வரும் மெர்சென் பகா எண் 2⁶¹ − 1, அதை இப்படி வகுத்து முடிக்க எங்கள் இருவர் ஆயுசும் சேர்ந்தால்கூட ஆகாது. இரண்டு பேர் காபி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுப் போட்டு முடிக்கக்கூடிய கணக்குகளில் இது ஓரத்தில் இருக்கிறது.

கடைசி நாளில் மூன்று எண்கள் பாக்கி. மேலிருந்து பார்த்தால் முதலில் 46191, இலக்கங்களைக் கூட்டினால் 21, மூன்றால் போய்விட்டது. 46129 கொஞ்சம் பாடுபடுத்தியது. எந்தச் சின்ன எண்ணிலும் போகவில்லை, பகா எண்தான் என்று முடிவு கட்டும் நேரத்தில் 163-இல் போனது, 163 × 283. கடைசியாக 45943. அது பகா எண். அப்பா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் இரட்டிப்பு வழியில் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இலக்கமாக இறக்கி, பெருக்கி, கழித்து, கீழே வந்தார். கடைசிக் கோடு போட்டுவிட்டு, சங்கத்துப் பேரேட்டில் எழுதுகிற அதே சாய்ந்த கையெழுத்தில் எழுதினார்.

ஈவு 46,742. மீதி 15,941.